விசாவும் இருபத்தெட்டு நாட்களும்

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் வெளிநாடு சென்று படிப்பதைப் பற்றிப் பேசாதவர்கள் எங்கள் வகுப்பில் குறைவு. எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம், என்ன பாடம் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். விசா என்று வந்தால் "அதையெல்லாம் ஏஜென்சி பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். 2025ஆம் ஆண்டு என் பெரிய வாப்பாவின் மகளுடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகுதான் விதிகளை எடுத்து வாசித்தேன். ராத்தாவுக்கு இடம் கிடைத்தது பிரித்தானியாவில். ஆகவே அந்நாட்டு மாணவர் விசாவைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். ஏனைய நாடுகளின் விதிகள் வேறு.

பிரித்தானியாவில் 2020 ஒக்டோபரிலிருந்து மாணவர் விசா புள்ளி முறையில் வழங்கப்படுகிறது. மொத்தம் 70 புள்ளிகள் வேண்டும். பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதிக்கு 50, பணத்துக்கு 10, ஆங்கில அறிவுக்கு 10. சேர்க்கை உறுதியைச் சுருக்கமாக சி.ஏ.எஸ். என்பார்கள். அது சட்டம் போட்டு மாட்டும் பத்திரமன்று. கணினியில் உள்ள ஒரு பதிவு, நமக்குக் கிடைப்பது அதன் இலக்கம் மட்டுமே. 50 புள்ளி கையில் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள முடியாது. பணத்துக்குரிய 10 புள்ளி ஒன்று முழுதாகக் கிடைக்கும், அல்லது கிடைக்கவே கிடைக்காது. ஐந்து, ஆறு என்று பிரித்துக் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை.

அந்தப் பத்துப் புள்ளியில்தான் ராத்தா விழுந்தார்.

முதலாம் ஆண்டுக் கட்டணத்தில் இன்னும் செலுத்தாத பகுதியையும் ஒன்பது மாத வாழ்க்கைச் செலவையும் வங்கிக் கணக்கில் காட்ட வேண்டும். ராத்தா விண்ணப்பித்த நேரத்தில், லண்டனுக்கு வெளியே படிப்பவருக்கு வாழ்க்கைச் செலவு மாதத்துக்கு 1,136 பவுண். ஒன்பது மாதத்துக்கு 10,224 பவுண். லண்டனில் படிப்பவருக்கு மாதத்துக்கு 1,483. (ஸ்டேர்லிங் பவுணைத்தான் சொல்கிறேன், உம்மாவின் நகைப் பவுணுக்கு இங்கே மதிப்பில்லை. காணி உறுதிக்கும் இல்லை. அங்கே போய் வேலை செய்து கட்டுவேன் என்ற பேச்சும் கணக்கில் சேராது.) ஒரு பவுண் ஏறத்தாழ 400 ரூபா என்று வைத்தாலும் வாழ்க்கைச் செலவு மட்டுமே நாற்பது இலட்சத்தைத் தாண்டுகிறது.

தொகையை விடக் கடினமானது நாட்கணக்கு. அந்தப் பணம் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28ஆவது நாளுக்கும் விண்ணப்பிக்கும் நாளுக்கும் இடையில் 31 நாட்களுக்கு மேல் போகக் கூடாது. இடையில் ஒரு நாள் மீதி குறைந்தாலும் போதும், அதுவரை எண்ணிய நாட்கள் வீண். ரூபாவைப் பவுணாக மாற்றிப் பார்ப்பதும் நம் வங்கியின் விலைப்படி அன்று. விண்ணப்பிக்கும் நாளில் ஒவாண்டா என்ற இணையத்தளம் காட்டும் விலைப்படியே பார்க்கிறார்கள். 2022ஆம் ஆண்டு மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். சரியாகத் தேவையான தொகையை மட்டும் வைத்திருப்பது ஆபத்து.

பெரிய வாப்பாவுக்குப் புடவைக் கடை. பணம் அவருடைய கணக்கில் இருந்தது. கடன் வாங்கியதன்று, வருடக்கணக்காகச் சேர்த்தது. மே மாதக் கடைசியில் ஹஜ்ஜுப் பெருநாள் வியாபாரத்துக்குச் சரக்கு எடுக்க மூன்று இலட்சம் ரூபாவை எடுத்தார். இரண்டு நாளில் திருப்பிப் போட்டும் விட்டார். வியாபாரிக்கு அது சாதாரண விடயம். ஜூலையில் வந்த நிராகரிப்புக் கடிதத்தில் அந்த இரண்டு நாட்களின் திகதியும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன.

மருத்துவ சேவைக்கென்று முன்கூட்டியே அறவிடும் தொகை திரும்பக் கிடைத்தது. அது வருடத்துக்கு 776 பவுண். படிக்கும் காலம் முழுவதற்கும் சேர்த்து விண்ணப்பத்தோடு கட்ட வேண்டியது. விசாக் கட்டணமான 524 பவுண் போனது போனதுதான். ஒருமுறை பயன்படுத்திய சி.ஏ.எஸ். மீண்டும் செல்லாது, புதிது கேட்க வேண்டும். நிராகரிப்பை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் அது அதிகாரி தவறு செய்திருந்தால் மட்டுமே உதவும். இங்கே அதிகாரி தவறு செய்யவில்லை.

அந்த நாட்களில் இத்தொழிலில் உள்ள ஒருவர் வீட்டுக்கு வந்தார். "இரண்டு வரிதானே ஹாஜியார், அந்த இரண்டு வரி இல்லாத வங்கிக் கூற்று ஒன்றைச் செய்து தருகிறேன். காசு உங்களுடையதுதானே, இதில் பொய் எங்கே இருக்கிறது?" என்றார். உண்மையைச் சொன்னால், அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பெரிய வாப்பா உடனே மறுக்கவில்லை. ஒரு இரவு முழுவதும் யோசித்தார். மறுநாள் சுபஹுக்குப் பிறகு ராத்தாவைக் கூப்பிட்டு, "ஒரு வருஷம் போகட்டும் மகள்" என்று மட்டும் சொன்னார். ராத்தா அன்று அழுததை நான் பார்த்தேன்.

பின்னர்தான் நான் வாசித்து அறிந்தேன்: பொய் ஆவணம் கொடுத்தது கண்டுபிடிக்கப்பட்டால் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படலாம். முதல் விண்ணப்பத்தோடு அனுப்பிய உண்மையான கூற்று அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதிகாரிக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

காத்திருப்பதற்கும் விலை உண்டு. அதே ஆண்டு நவம்பரில் காட்ட வேண்டிய தொகை மீண்டும் கூட்டப்பட்டது. ஆகவே விண்ணப்பிப்பவர்கள் மேலே நான் தந்த எண்களை நம்பியிருக்காமல், பிரித்தானிய அரசாங்கத்தின் இணையத்தளத்தில் அன்றைய தொகையைப் பார்க்க வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதென்றால் இலங்கையர் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அது ஆறு மாதம் செல்லும். 18 வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதம் தேவை. படத்தில் முகம் முழுமையாகத் தெரிந்தால் மார்க்கக் காரணத்துக்காகத் தலையை மூடியிருக்கலாம். விரலடையாளம் கொடுக்கும்போது விரல் நுனியில் மருதோன்றி இருக்கக் கூடாது. அதனால் அந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ராத்தா உள்ளங்கையோடு நிறுத்திக்கொண்டார்.

பெயர் விடயம் மட்டும் சுருக்கமாகச் சொல்லக்கூடியதன்று. பெற்றோரின் பணத்தைக் காட்டினால், நாம் அவர்களுடைய பிள்ளை என்பதற்குப் பிறப்புச் சான்றிதழும், பணத்தைப் பயன்படுத்தச் சம்மதிக்கும் கடிதமும் வேண்டும். தமிழிலோ சிங்களத்திலோ உள்ள சான்றிதழை மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவரின் பெயர், கையொப்பம், திகதியோடு கொடுக்க வேண்டும். நம் வீடுகளில் ஒரே மனிதர் ஒரு பத்திரத்தில் முகம்மது, இன்னொன்றில் மொஹமட், மூன்றாவதில் வெறும் முதலெழுத்து. ஊரில் அவரை எல்லோருக்கும் தெரியும். கடதாசியை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு அவர்கள் மூன்று பேர்.

இதை வாசித்த அன்றே என் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். வாப்பாவின் பெயரில் நடுப்பகுதியே இல்லை. அவருடைய அடையாள அட்டையிலும் வங்கிப் புத்தகத்திலும் அது இருக்கிறது. "பதினேழு வருஷமாக யாரும் கேட்கவில்லையே" என்றார் வாப்பா. சென்ற மாதம் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்கு விண்ணப்பித்தோம். இன்னும் பதில் வரவில்லை.

ராத்தாவின் பல்கலைக்கழகம் அவருடைய இடத்தை 2026 செப்டெம்பருக்கு ஒத்திவைத்தது. இம்முறை பணம் தனிக்கணக்கில் இருக்கிறது; வங்கி அட்டை பெரியம்மாவின் அலுமாரியில். இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கடையில் புதுச் சரக்கு குறைவு, பழைய வாடிக்கையாளர்கள் ஏன் என்று கேட்கிறார்கள். கல்லாப்பெட்டிக்கு மேலே தொங்கும் நாட்காட்டியில் ராத்தா ஒவ்வொரு நாளாகக் கோடிட்டு வருகிறார். இன்று பதினோராவது நாள்.