பைசனுக்கு வேண்டியது ஒரு கண்ணாடி

மிக்-21 மாடல் செய்கிறவர்களுக்கு ஒரு விதத்தில் நிம்மதி. 1963-இல் நம் விமானப்படைக்கு வந்த விமானத்துக்கு 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடை கொடுத்தாயிற்று. இனி அதில் புதுக் கருவி ஏறாது, நிறம் மாறாது. எந்த வருடத்து விமானம் என்று முடிவுசெய்துவிட்டு உட்கார வேண்டியதுதான்.

நான் செய்தது பைசன். செக் நாட்டு எடுவார்ட் கிட், 1:48 அளவு. இறக்கையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் 15 செ.மீ.தான். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருப்பது பைசன் இல்லை, அதற்கு மூலமான மிக்-21 பிஸ். 1996-இல் ஒப்பந்தம் போட்டு, 125 பிஸ் விமானங்களைப் பைசனாகப் புதுப்பித்தார்கள். பெரும்பாலும் நாசிக் எச்.ஏ.எல்.-இல் நடந்த வேலை. அதே வேலையைச் சென்னை காட்டுப்பாக்கத்தில் ஒரு மேசைமேல் செய்கிறோம், அவ்வளவே.

கத்தியை எடுக்குமுன் படங்களைச் சேருங்கள். பைசனுக்குப் புதிதாக வந்தவற்றில் முக்கியமானது கோபியோ ரேடார். மூக்குக் கூம்புக்குள் இருப்பதால் அது வெளியே தெரியாது. அதற்காக ஒரு மணி நேரம்கூடச் செலவிட வேண்டாம். கண்ணில் படுவது விமானியின் முன்கண்ணாடி. பிஸ்ஸில் அது சட்டம் போட்ட மூன்று துண்டு. பைசனில் சட்டமே இல்லாமல் வளைந்த ஒரே கண்ணாடி. இதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றினாலும், தெரிந்தவர் ஒரு பார்வையில் “இது பிஸ்தானே” என்று சொல்லிவிடுவார்.

கண்ணாடியை நாமே வார்க்க வேண்டும். தச்சரிடம் தேக்குத் துண்டு வாங்கி, கிட்டின் முன்கண்ணாடி அளவுக்குச் செதுக்கி, வாட்டர் பேப்பரில் பளபளவென்று தேயுங்கள். பிளாஸ்டிக்கில் அச்சு செய்தால் சூட்டில் நெளிந்துவிடும். தகட்டின் தடிமன் அளவுக்கு அச்சு சிறியதாக இருக்கட்டும். இல்லையென்றால் முடிந்த கண்ணாடி உடலைவிட்டுத் துருத்திக்கொண்டு நிற்கும். தகட்டுக்குச் சட்டைப் பெட்டி மூடியே போதும். தண்ணீர் பாட்டிலை வெட்டிப் பயன்படுத்தலாம் என்பார்கள். அது சூட்டில் சுருங்கும், சூடு மிஞ்சினால் வெளுத்தும் போகும். தகட்டை இரண்டு அட்டைச் சட்டங்களுக்கு நடுவே கிளிப் போட்டு, மின் அடுப்பின்மேல் பிடித்து, அப்பளம் மாதிரி தளர்ந்ததும் அச்சின்மேல் ஒரே அழுத்து. தயங்கினால் மடிப்பு விழும். மொட்டைமாடியில் செய்யுங்கள், புகை நல்லதில்லை. பத்துக்கு ஒன்று தேறினால் திருப்தி.

ஒட்டும்போது ஃபெவிக்விக் பக்கம் போகாதீர்கள். அதன் ஆவி படிந்து கண்ணாடி உள்ளே புகைபிடித்ததுபோல் ஆகிவிடும். வெள்ளை ஃபெவிகால் போதும். காய்ந்ததும் தெளிந்துவிடும், வழிந்தாலும் ஈரத்துணியால் துடைக்கலாம்.

அடுத்து, எதிரி ஏவுகணையை ஏமாற்றத் தீக்குண்டு வீசும் பெட்டிகள். இறக்கை உடலோடு சேருமிடத்தில், மேற்புறம். குண்டின் குறுக்களவு 26 மி.மீ., நம் அளவில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுமேல். சௌகார்பேட்டையில் நகை ஆசாரிகளுக்கான கருவி விற்கும் கடையில் அந்த அளவுத் துளையூசியும் கைப்பிடியும் கிடைக்கும். ஹாபி கடையைவிட மலிவு. மூக்கின் நீண்ட குழாய்க்கு மெடிக்கல் ஷாப்தான். 21 எண் ஊசிக்குள் 26 எண் ஊசி கச்சிதமாக நுழையும். கிட்டில் வரும் பிளாஸ்டிக் குழாய்போல் முதல் தூசு தட்டலில் முறியாது.

இடைவெளி அடைக்க டிங்கரிங் கடையின் என்.சி. பட்டி நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதில் கலந்துள்ள தின்னர் பிளாஸ்டிக்கை அரிக்கும். மெல்லியதாகப் பூசி, காயவிட்டு, மறுபடி பூசுங்கள். தனித் தின்னரால் கழுவ நினைத்தீர்களானால் இறக்கையே குழையும்.

பெயிண்ட் விஷயத்தில் நம் ஊரின் பருவத்தைப் பார்த்தே நாள் குறிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் லாக்கர் அடித்தால் காற்றின் ஈரம் படிந்து வெள்ளை மூட்டம் பூக்கும். கம்ப்ரஸரில் ஈரம் பிடிக்கும் குப்பி இல்லையென்றால் ஏர்பிரஷ் தண்ணீர்த் துளியைத் துப்பும். மே மாதத்தில் நேரெதிர்: அக்ரிலிக் முனையிலேயே காய்ந்து அடைக்கும், ரிடார்டர் சில சொட்டு சேர்க்க வேண்டும். எங்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. பூந்தமல்லி சாலைத் தூசி ஜன்னல் வழியே வந்து பளபளப்புப் பூச்சில் உட்கார்ந்துகொள்ளும். ஒரு மழை பெய்து ஓய்ந்த மறுநாள் விடியற்காலைதான் நான் நம்பும் நேரம். பைசனின் சாம்பலுக்கு டப்பா எண் தேடி அலைய வேண்டாம். வெயிலில் வெளுத்த விமானத்தின் படத்தைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் கலப்பதே மேல்.

வட்டச் சின்னத்தை வீட்டில் அச்சிடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பிரின்டர் வெள்ளை அடிக்காது. தெளிந்த டிகால் தாளில் அடித்த காவி, சாம்பல்மேல் ஒட்டியதும் செங்கல் நிறமாகிவிடும். முதலில் வெள்ளை வட்டம் ஒட்டுங்கள், அதன்மேல் மூவண்ணம்.

வாலில் நான் போட்ட எண் சி.யூ. 2328. 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தானுடனான வான்மோதலில், மீசைக்குப் பேர்போன அபிநந்தன் வர்த்தமான் ஓட்டியது. பக்கத்து வீட்டுப் பையன் எண்ணைப் பார்க்கவே இல்லை. “மீசை மாமா ப்ளேன்தானே அங்கிள்?” என்றான்.

ஏவுகணைகளைப் பழைய மிக்-29 கிட்டின் மிச்சத்திலிருந்து எடுத்தேன். ஆர்-73 நம் அளவில் 6 செ.மீ., ஆர்-77 ஏழரை. கிடைத்ததையெல்லாம் தொங்கவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். இந்தச் சின்ன இறக்கைக்கு அது பாரமாகத் தெரியும் என்பது என் அபிப்பிராயம். இரண்டு ஆர்-73 மட்டும் மாட்டினேன். ஆர்-77 இரண்டும் டப்பாவில் இருக்கின்றன, அடுத்து வரும் சுகோய்-30க்கு.