கயாக் ஓட்டும் முன் கடலின் கணக்கைப் படியுங்கள்

லங்காவித் தீவின் வடகிழக்கில் கிலிம் என்ற கடலோரப் பகுதி இருக்கிறது. செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகள், அவற்றின் அடியில் சதுப்புநிலக் காடு, நடுவே வளைந்தோடும் கழிகள். 2007-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற லங்காவிப் புவிப்பூங்காவின் ஒரு பகுதி இது. பள்ளி விடுமுறையில் கயாக் ஓட்ட இங்குச் செல்வோர் பலர். புறப்படும் நேரத்தை அவர்கள் கடிகாரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. கடல் ஏற்றவற்ற அட்டவணையையும் பார்க்க வேண்டும். ஏன் தெரியுமா, மாணவர்களே?

கடல் ஏன் ஏறி இறங்குகிறது?

நிலவின் ஈர்ப்பு, பூமியில் தனக்கு அருகிலுள்ள பக்கத்தை அதிகமாகவும் தொலைவிலுள்ள பக்கத்தைக் குறைவாகவும் இழுக்கிறது. இந்த வேறுபாட்டால் இரு பக்கங்களிலும் கடல்நீர் சற்று மேலெழுகிறது. பூமி சுழல்வதால், லங்காவியில் ஏறத்தாழ 24 மணி 50 நிமிடத்திற்குள் நீர் இருமுறை ஏறி, இருமுறை வற்றுகிறது. மலாயில் இவற்றை ஆயர் பாசாங், ஆயர் சூருட் என்பார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் சூரியனின் ஈர்ப்பும் சேர்வதால் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும்.

பன்னிரண்டு பங்கு விதி

நீர் ஒரே சீராக வற்றுவதில்லை. உச்சத்திலிருந்து வற்ற ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். மொத்த இறக்கத்தை 12 பங்காகப் பிரித்தால், ஒவ்வொரு மணி நேரத்திலும் முறையே 1, 2, 3, 3, 2, 1 பங்கு இறங்கும் என்பது கடலோடிகளின் தோராயக் கணக்கு. மொத்த இறக்கம் 2.4 மீட்டர் என்றால், முதல் மணியில் 0.2 மீட்டர்தான் குறையும். மூன்றாவது மணியிலோ 0.6 மீட்டர் குறையும். நீரோட்டம் மிக வேகமாக இருப்பதும் அப்போதுதான்.

இது கயாக்கை எப்படிப் பாதிக்கும்?

உங்கள் துடுப்பு வேகம் மணிக்கு 5 கி.மீ., நீரோட்டம் மணிக்கு 3 கி.மீ. என வைத்துக்கொள்வோம். நீரோட்டத்தோடு சென்றால் 5 + 3 = 8. நான்கு கிலோமீட்டரை 30 நிமிடத்தில் கடந்துவிடலாம். எதிர்த்துச் சென்றால் 5 − 3 = 2. அதே தூரத்திற்கு 2 மணி நேரம்! களைப்பும் தாகமும் வெயிலும் சேரும்போது அது ஆபத்தாகிவிடும்.

நீர் ஏறும்போது கழிக்குள் சென்று, வற்றத் தொடங்கியதும் திரும்புவது நல்லது. இரு வழியிலும் நீரோட்டம் துணை நிற்கும். ஏறும் நீரில் கயாக் சேற்றில் தட்டினால் சற்று நேரத்தில் நீரே தூக்கிவிடும். வற்றும் நீரில் தட்டினால் பல மணி நேரம் காத்திருக்க நேரலாம். குகை வழிகளிலோ நிலைமை தலைகீழ்: நீர் ஏற ஏறத் தலைக்கு மேலுள்ள இடைவெளி குறையும்.

உயிர்காப்பு அங்கியை எப்போதும் அணியுங்கள். வழிகாட்டியுடன் மட்டுமே செல்லுங்கள். கயாக் கவிழ்ந்தால் அதை விட்டு நீந்தாதீர்கள், பிடித்துக்கொண்டே மிதங்கள். இடி கேட்டால் உடனே கரையேறுங்கள்.

செய்து பாருங்கள்

காலை 10 மணிக்கு நீர் உச்சத்தில் உள்ளது. மொத்த இறக்கம் 3 மீட்டர். நண்பகல் 12 முதல் பிற்பகல் 2 மணிவரை நீர்மட்டம் எவ்வளவு குறையும்?

(விடை: 6 பங்கு, அதாவது 1.5 மீட்டர்)