ஆறாவது ஆளுக்கு ஒரு திண்ணை

கொழிஞ்சாம்பாறையில் மூன்று பேர், மூணாறில் இரண்டு பேர். தமிழுக்கான கட்டற்ற மென்பொருள் யோசனைகளைச் சேர்ந்து வளர்க்க இணையத்தில் ஒரு கூட்டம் அமைக்கப் போகிறோம் என்கிறீர்கள். சந்தோஷம் கண்ணுகளா. பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் என்று பஸ் மாறிப் போய்வர உங்களுக்கு ஒரு நாள் ஆகிவிடும். அதனால் இணையம்தான் உங்கள் ஊர்ச் சாவடி.

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இப்படி இரண்டு கூட்டங்கள் என் கண்முன் தொடங்கி, ஓய்ந்தும் போயின. முக்கியக் காரணம் ஒன்றுதான். முதல் ஐந்து பேருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆறாவதாக வந்தவருக்கு உட்கார இடமில்லை. நான் சொல்வதெல்லாம் அந்த ஆறாவது ஆளுக்காக.

1. யோசனைக்கு முன் ஆளைப் பாருங்கள். தேயிலைக் கொழுந்து நிறுவைக் கணக்குக்கு ஒரு செயலி செய்யலாம் என்று தோட்டத்துப் பையன் ஒருவன் வந்தான். வரைபடம், வண்ணம் எல்லாம் யோசித்து வைத்திருந்தான். கொழுந்து கிள்ளும் அக்கா ஒருத்தரிடம் கேட்டோம். "சாக்கு தராசுல இருக்கறப்பவே எத்தன கிலோன்னு நான் எழுதிக்கணும் தம்பி. மேல சிக்னல் கெடையாது, பாத்துக்க" என்றார். வரைபடம் போயிற்று, சிக்னல் இல்லாமல் ஓடும் ஒரு சின்னக் குறிப்பேடு மிஞ்சியது. யாருக்கு வேண்டும், எந்த இடத்தில், இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள்: ஒவ்வொரு யோசனையோடும் இந்த மூன்று வரி கட்டாயம் இருக்கட்டும்.

2. வெறுங்கையோடு வரவேண்டாம். ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25 அன்று, தான் ஓர் இயங்குதளம் (பிற்பாடு லினக்ஸ் ஆனது) செய்துகொண்டிருப்பதாக அறிவித்தபோது, கட்டளை வாங்கும் பாஷும் நிரலைத் தொகுக்கும் ஜிசிசியும் அதில் ஓடத் தொடங்கியிருந்தன. யோசனை சொல்பவர்தான் முதல் துண்டைச் செய்ய வேண்டும். நிரல் எழுதத் தெரியாதவர் திரை எப்படி இருக்கும் என்று தாளில் வரைந்து படம் பிடித்து அனுப்பட்டும். அதுவும் ஒரு துண்டுதான்.

3. ஒரு சாயங்காலத்தில் முடியும் வேலைகளை முன்னால் வையுங்கள். 'தமிழ்ப் பகுதியைச் சீர்செய்' என்பது வேலை அல்ல, மலைப்பு. 'இந்தப் பத்து மெனுச் சொற்களைத் தமிழாக்கு', 'இந்தப் பிழை உன் கணினியிலும் வருகிறதா, பார்த்துச் சொல்' என்பவை வேலை. கேரளப் பள்ளிகளில் பிள்ளைகள் லினக்ஸில் பழகுகிறார்கள். 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் கணினிக் குழுக்களும் உண்டு. சித்தூர், தேவிகுளம் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளை ஒருத்தி, வீட்டுப்பாடம் முடித்த பிறகு செய்யக்கூடியதாக ஒன்றாவது எப்போதும் இருக்கட்டும்.

4. பிழை சொன்னவரை விரட்டாதீர்கள். எங்கள் செயலியில் 'கொழுந்து' என்று தேடினால் சிலருக்குக் கிடைக்கவில்லை. "நீங்க சரியா டைப் பண்ணல" என்று ஒருவர் பதில் போட்டார். டைப் செய்ததில் தப்பில்லை. யூனிகோடில் 'கொ'வை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் தேட வேண்டும். அது எங்களுக்கு விளங்க மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் சொன்னவர் போய்விட்டார்.

5. முடிவோடு காரணத்தையும் எழுதிவையுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பின் தமிழ்99 விசைப்பலகை வந்தது. ஆனால் தட்டச்சு முறைக்காரரும் ஒலிபெயர்ப்பு முறைக்காரரும் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் எதைத் தேர்ந்தாலும், புதிதாக வருபவர் அதே சண்டையைத் திரும்பத் தொடங்குவார். மலையாளத்தின் சில்லு எழுத்துகளுக்கு (உயிர் சேராத தனி மெய்கள்) 2008இல் யூனிகோட் தனிக் குறியீடு கொடுத்ததற்கு முன்னும் பின்னும் பெரிய வாதம் நடந்தது. இரு தரப்பும் எழுத்தில் வாதாடியதால் இன்றைக்கும் எடுத்துப் படிக்கலாம். டீக்கடையில் பேசி முடித்தது ஆறாவது ஆளுக்கு எட்டாது.

6. உரிமத்தை முதல் நாளே முடிவு செய்யுங்கள். ஜிபிஎல் என்றால், மாற்றி வெளியிடுபவர் மூலநிரலையும் தர வேண்டும். எம்ஐடி உரிமத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. எது உங்களுக்குச் சரி என்று பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் மாற்ற நினைத்தால் நிரல் எழுதித் தந்த எல்லோரிடமும் சம்மதம் வாங்க வேண்டும். எங்கள் முதல் கூட்டத்தில் ஒருவர் துபாய்க்குப் போய் போன் எண்ணை மாற்றிவிட்டார். வேலை அங்கேயே நின்றது.

7. பக்கத்து வீட்டில் நெருப்பு வாங்குங்கள். சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு 2002இல் தொடங்கியது; மீரா, மஞ்சரி எழுத்துருக்கள் அவர்கள் தந்தவை. தமிழ்நாட்டுப் பக்கம் கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் எழுதிவருகிறது. நமக்குத் தமிழ், மலையாளம் இரண்டும் தெரியும். அவர்கள் தீர்த்துவைத்ததை நாம் முதலிலிருந்து தொடங்குவது வீம்பு.

8. சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், ஆளுக்கொரு மாவட்டத்தில். எங்கள் இரண்டாவது கூட்டம் ஒரே ஒரு கடவுச்சொல்லோடு போய்விட்டது.

9. ஒரு யோசனை வேண்டாம் என்றால் மூன்று நாளைக்குள் சொல்லிவிடுங்கள், காரணத்தோடு. மறுத்தால் கோபித்துக்கொண்டாலும் திரும்பி வருவார்கள். பதிலே சொல்லாவிட்டால் வரமாட்டார்கள்.

இந்த ஒன்பதையும் நீங்கள் ஐந்து பேரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஒப்பாததை மட்டும், ஏன் என்று எழுதிவையுங்கள். ஆறாவது ஆள் வந்து படிக்கட்டும்.