தோற்ற விமானத்தின் பின்வரலாறு

போட்டியில் தோற்றது தகுதியிலும் குறைந்ததென நாம் எளிதிற் கருதிவிடுகின்றோம். ஜெற் போர் விமானங்களின் வரலாற்றை ஆராயுமிடத்து அக்கருத்து நிலைபெறாது.

ஐக்கிய அமெரிக்க விமானப்படை, எடை குறைந்த போர் விமானமொன்றை நாடி, 1974ஆம் ஆண்டில் இரு மாதிரிகளைப் பறக்கவிட்டுச் சோதித்தது. ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனத்தாரின் வை.எப். 16 ஓர் எஞ்சினுடையது; நோர்த்ரொப் நிறுவனத்தாரின் வை.எப். 17 இரண்டுடையது. 1975 சனவரியில் முன்னையதே தெரிவுபெற்றது. அதன் பறப்பாற்றல் ஒரு காரணம். எப். 15 விமானத்தின் எஞ்சினையே அதுவும் கொண்டிருந்தமையாற் செலவு சுருங்கும் என்பது மற்றொன்று. போர் விமானத் தெரிவிலே விமானியின் சொல்லோடு கணக்கரின் சொல்லும் ஏறும் என்பதை மாணவர் நோக்குக.

அவ்வாண்டு மே மாதத்திற் கடற்படையினர் வேறு தீர்ப்புக் கூறினர். நடுக்கடலின்மேல் ஓர் எஞ்சின் நின்றுவிடின் மற்றையதன் துணையால் விமானி கப்பலுக்கு மீளலாம். ஆதலின், தோற்ற வடிவத்தையே அவர்கள் வேண்டினர். மக்டொனல் டக்ளஸ் நிறுவனத்தார் தலைமை தாங்கி அதனைத் திருத்தினர். கப்பல் தளத்தில் மோதியிறங்கும் அதிர்ச்சியைத் தாங்கச் சக்கரக் கால்கள் வலுப்பெற்றன. சிறகுகள் அகன்றன, மடியவும் கற்றன. எரிபொருட் கொள்ளளவு பெருகிற்று. 1978 நவம்பரில் முதன்முதற் பறந்த அவ்விமானமே ஹோர்னெற் எனப்படும் எப்.ஏ. 18 ஆகும். கனடா 1980இலும் அவுஸ்திரேலியா 1981இலும் எப். 16ஐ விடுத்து இதனையே தெரிந்தன.

தோற்றவை யாவும் இப்பேறு பெற்றில. அதே நோர்த்ரொப் நிறுவனத்தார் 1982இற் பறக்கவிட்ட எப். 20 மூன்றே அமைக்கப்பட்டது. இரண்டு விபத்தில் அழிந்தன. வாங்குவோர் எவருமின்றி 1986இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. எஞ்சிய ஒன்று லொஸ் ஏஞ்சல்ஸ் நகரக் காட்சிச்சாலையில் உள்ளது.