சம்பளப் பேச்சுவார்த்தை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

"வேலைநிறுத்தம் செய்தால் வேலை போய்விடும்."

இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததல்ல. 1980 ஜூலையில் இலங்கையில் வேலைநிறுத்தத்தில் இறங்கிய சுமார் 40,000 பேரை ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசு வேலையை விட்டு அனுப்பியது. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் ஜெயலலிதா அரசு ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் பணிநீக்கம் செய்தது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமையல்ல என்று அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் நீக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிறகு திரும்ப எடுக்கப்பட்டாலும், அந்த நாட்களைக் கண்ட குடும்பங்களில் பயம் தங்கிவிட்டது. அங்கிருந்து வந்து மெல்பேர்ண், சிட்னி மருத்துவமனைகளில் வேலை செய்யும் நம்மவர்கள் யூனியன் கூட்டம் என்றால் ஒதுங்கி நிற்பதை இன்றும் பார்க்கிறோம்.

விக்டோரியாவில் நிலைமை வேறு. மத்திய அரசின் 2009ஆம் ஆண்டு ஃபேர் வொர்க் சட்டப்படி, முறையாக எடுக்கும் தொழில் நடவடிக்கைக்குப் பாதுகாப்பு உண்டு. அதில் பங்கேற்றதற்காக ஒருவரை வேலையைவிட்டு நீக்க முடியாது. ஆனால் 'முறையாக' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பழைய சம்பள ஒப்பந்தத்தின் காலம் முடிந்திருக்க வேண்டும். ஃபேர் வொர்க் ஆணைக்குழுவின் உத்தரவு பெற்று சங்க உறுப்பினர்களிடம் இரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். நிர்வாகத்துக்குச் சட்டம் கேட்கும் அளவுக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்.

அந்த வாக்கெடுப்பில் பட்டியலில் உள்ளவர்களில் பாதிப்பேராவது வாக்களித்தால்தான் முடிவு செல்லும். வீடு மாறியபோதும் மின்னஞ்சலை மாற்றியபோதும் சங்கத்துக்குச் சொல்லாத ஒருவரை நினைத்துப் பாருங்கள். இரவு ஷிப்ட் முடிந்து வந்து தூங்கி எழுகிறார். வாக்களிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல், அவர் திறக்காத பழைய முகவரியில் கிடக்கிறது. பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது, வாக்கு இல்லை. இப்படிப் பாதிக்கு மேற்பட்டோர் விடுபட்டால், வாக்களித்தவர்கள் அத்தனை பேரும் 'ஆம்' என்று சொல்லியிருந்தாலும் நடவடிக்கைக்குப் பாதுகாப்பில்லை. ஒரு போராட்டம் தொடங்குமுன்பே தோற்க இதைவிட எளிய வழி கிடையாது.

இன்னொன்றையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். வேலைநிறுத்தம் செய்த நேரத்துக்குச் சம்பளம் வராது. நிர்வாகமே கொடுக்க விரும்பினாலும் சட்டம் அனுமதிக்காது. வீட்டுக் கடன் தவணை உள்ளவர்கள் அதற்கு ஏற்றபடி கொஞ்சம் சேர்த்து வைக்க வேண்டும்.

"சிட்னி அரசு மருத்துவமனைகளிலும் இதே சட்டம்தானே?"

இல்லை. விக்டோரியா தன் தொழிலுறவு அதிகாரத்தை 1996இல் மத்திய அரசிடம் ஒப்படைத்தது. நியூ சவுத் வேல்ஸ் அரசு மருத்துவமனைத் தாதியர் இன்னும் மாநிலச் சட்டத்தின் கீழ்தான் இருக்கிறார்கள். அங்கே மாநிலத் தொழிலுறவு ஆணைக்குழு வேலைநிறுத்தத்தைத் தடுத்து உத்தரவிடலாம். 2022 பிப்ரவரி 15 அன்று தாதியர் அப்படி ஓர் உத்தரவை மீறித்தான் தெருவில் இறங்கினார்கள். அந்த மாநிலத்தில் 2011 முதல் சம்பள உயர்வுக்கு ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்ற உச்சவரம்பு இருந்தது, ஆணைக்குழுவின் கையையும் அது கட்டிப்போட்டது. அதை முழுதாக நீக்கியது 2023இல் வந்த மின்ஸ் அரசு. சிட்னி வெஸ்ட்மீடில் வேலை செய்பவர், மெல்பேர்ண் கிளேட்டனில் இருக்கும் அக்காவிடம் கேட்டதை வைத்து முடிவெடுக்கக்கூடாது.

"எவ்வளவு என்று அரசு முன்பே முடிவு செய்திருக்கும். நாம் பேசி என்ன ஆகப்போகிறது?"

விக்டோரியத் தாதியரின் 2024ஆம் ஆண்டு அனுபவம் இதற்குப் பதில். அப்போது மாநில அரசின் பொதுக் கொள்கை ஆண்டுக்கு 3 சதவீத உயர்வு. மே மாதம், பேச்சுவார்த்தையில் எட்டிய உத்தேச உடன்பாடு உறுப்பினர்களின் கூட்டத்தின் முன் வந்தது. அவர்கள் அதை நிராகரித்தார்கள். சங்கம் மறுபடி மேசைக்குப் போனது. ஜூனில் உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்ட உடன்பாடு, 2027க்குள் 28.4 சதவீத உயர்வு. மே மாதக் கூட்டத்துக்கு வந்தவர்கள் கோரிக்கைப் பட்டியலைப் படித்து, தங்கள் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்காவிட்டால் அந்த மறுப்பு எங்கிருந்து வந்திருக்கும்? என் பார்வையில் அந்த 'இல்லை'தான் முழுப் பேச்சுவார்த்தையின் திருப்பம்.

"பேசுவது சம்பளத்தைப் பற்றி மட்டும்தான்."

ஒரு தாதி எத்தனை நோயாளிகளைப் பார்க்கலாம் என்ற விகிதம் விக்டோரிய அரசு மருத்துவமனைகளுக்கு 2000இல் கிடைத்தது இப்படிப்பட்ட ஒரு போராட்டத்தில்தான். பெரிய மருத்துவமனைகளின் பொது வார்டுகளில் பகல் நேரத்தில் நான்கு நோயாளிகளுக்கு ஒரு தாதி என்பது அன்று வந்தது. அது 2015இல் தனிச் சட்டமாகவும் ஆனது.

"தற்காலிக விசாவில் இருப்பவர் யூனியனில் சேர்ந்தால் விசாவுக்குப் பிரச்சினை."

பிரச்சினை இல்லை. வேலையிட உரிமைகள் விசாவைப் பார்த்து மாறாது. 2023இல் ஃபேர் வொர்க் சட்டத்திலேயே இது தெளிவாக எழுதப்பட்டது.

"சேராவிட்டாலும் உயர்வு கிடைக்கிறதே."

கிடைக்கிறது, அது உண்மை. இறுதி ஒப்பந்தத்துக்கான வாக்கெடுப்பில் எல்லா ஊழியரும் வாக்களிக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் என்ன கேட்பது, போராடுவதா இல்லையா என்று சங்கம் முடிவெடுக்கும் இடத்தில் உறுப்பினருக்கு மட்டுமே குரல். மற்றவர்கள் விளைந்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். சந்தாப் பணத்துக்கு வருமான வரிக் கழிவு கோரலாம் என்பது பலருக்குத் தெரியாது.

உங்கள் ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றே பாருங்கள். சங்கத்தில் உங்கள் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் சரியாக இருக்கின்றனவா என்று கேளுங்கள். அடுத்த வார்டில் கூட்டத்துக்கு வரத் தயங்கும் நம்மவர் ஒருவர் இருந்தால், அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.