அரைப் பேரும் முழுப் பேரும்



மடுல்சீமைத் தோட்டங்களில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று ஆளின் பெயர். மற்றது ஒரு நாட்கூலி. கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப் பேர்’தான். உழைப்பும் பெயரும் நம் பேச்சில் ஒரே சொல்லாயின.

நம் சமூகத்திற்கோ நெடுங்காலம் பிறரே பெயர் போட்டனர். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு நம்மை ‘இந்தியத் தமிழர்’ எனத் தனியே பிரித்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நம்மவரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். எஞ்சியிருந்தோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. ‘தோட்டக்காட்டான்’ என்ற ஏளனம் வேறு. இவற்றுக்கு மறுமொழியாக நம்மவரே தமக்கு இட்டுக்கொண்ட பெயர்தான் ‘மலையகத் தமிழர்’. 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இப்பெயரும் இடம்பெற்றது.

ஆனால், பெற்றோரே, கொழும்புக்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் சிலர் லயம், பெரட்டு, கவ்வாத்து என்ற சொற்களை மறைத்துப் பேசுகின்றனர். ஊரைக் கேட்டால் ‘பதுளை’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கின்றனர். சிங்களமும் ஆங்கிலமும் அவர்கள் நன்றாகக் கற்கட்டும், அவை வேண்டியவையே. ஆயினும் பாட்டியின் பேச்சை வீட்டிலே எள்ளி நகையாட விடாதீர்கள். அச்சொற்களின் கதையை அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். தன் பேச்சுக்கு வெட்கப்படுகிறவன் தனக்குத் தானே அரைப் பேர் போட்டுக்கொள்கிறான்.