அந்தரங்க உரிமையும் நம் கடமையும்

"ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவனுக்கு அந்தரங்கம் எதற்கு?" என்று கேட்போர் பலர். இதற்கு விடை காண, பழைய வழக்கு ஒன்றை நோக்குவோம்.

உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் என்பவர், கொள்ளை வழக்கொன்றில் சாட்சியம் போதாமையால் விடுவிக்கப்பட்டவர். ஆயினும் காவல் துறை அவரைத் தொடர்ந்து கண்காணித்தது; காவலர்கள் இரவில் வந்து கதவைத் தட்டி எழுப்பினர். அவர் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் கூறவில்லை; கண்காணிப்பே அவருக்குத் தண்டனையாயிற்று. இரவில் வீட்டிற்கு வருவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1962 இல் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஏற்கவில்லை. பெரும்பான்மையினின்று வேறுபட்ட நீதிபதி சுப்பா ராவ், கண்காணிக்கப்படுபவனின் மனமே கட்டுண்டு போகிறது என்பதை எடுத்துக் காட்டினார். 55 ஆண்டுகளுக்குப் பின், 24-8-2017 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர்.

அன்று கதவைத் தட்டியவர் காவலர். இன்று தட்டுவோர் யார்?

கிராமத்தில் மட்டும் அந்தரங்கம் உண்டா என்று சிலர் கேட்கலாம். வாலிகண்டபுரத்தின் டீக்கடையில் நம்மைப் பற்றிப் பேசுபவரை நாம் அறிவோம். அவரைப் பற்றியும் நமக்குத் தெரியும். நாளடைவில் அப்பேச்சும் மறந்துபோகும். சமூக ஊடகத்திலோ பார்ப்பவர் நம் கண்ணுக்குப் புலப்படார். பதிவும் எளிதில் அழியாது.

இதனினும் கவலைக்குரியது ஒன்றுண்டு. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்னும் நிறுவனத்திற்குப் பயனர்களின் தகவல்கள் முறைகேடாகச் சென்றது 2018 இல் வெளிப்பட்டது. ஃபேஸ்புக்கில் ஆளுமைத் தேர்வு நடத்திய ஒரு செயலி வழியாகவே அவை சென்றன. ஃபேஸ்புக் நிறுவனமே அளித்த கணக்கின்படி, இந்தியாவில் அச்செயலியை நிறுவியவர்கள் 335 பேர். பாதிக்கப்பட்டிருக்கக் கூடியவர்களோ 5,62,455 பேர்! ஏனையோர் செய்த தவறு யாது? அந்த 335 பேருக்கு நண்பர்களாக இருந்தது ஒன்றே. ஒருவர் அளித்த இசைவால் ஆயிரக்கணக்கானோரின் அந்தரங்கம் பறிபோயிற்று.

2023 இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நிறுவனங்கள் நம் இசைவைப் பெறுவதற்கு நெறிமுறைகளை வகுத்துள்ளது. ஆனால் ஒருவர் தம் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ கையாளும் தகவல்கள் அதன் எல்லைக்குள் வாரா. எனவே நண்பர்களிடையே அந்தரங்கத்தைக் காக்க வேண்டியவர்கள் நாமே ஆவோம்.

வகுப்புத் தோழியின் படத்தை அவரைக் கேளாமல் குழுவில் இடுகிறோம். கேட்கும் செயலிக்கெல்லாம் நம் கைப்பேசியிலுள்ள எண்கள் அனைத்தையும் திறந்து விடுகிறோம். நமக்கு இது விளையாட்டு. ஆனால் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த ஒரு பெண்ணின் படம் ஊரில் பரவினால், "படித்தது போதும்" என்று வீட்டார் நிறுத்திவிட மாட்டார்களா? அவர் இழப்பது படத்தை அன்று, பட்டத்தை!

ஆகவே நண்பர்களே! பிறர் படத்தையும் எண்ணையும் பகிருமுன் அவரிடம் ஒரு சொல் கேட்போம். 'வேண்டாம்' என்றால் காரணம் கேளாது விட்டுவிடுவோம். புட்டசாமி தீர்ப்பு நமக்கு அளித்த உரிமை, நம் அருகில் அமர்ந்து படிப்பவருக்கும் உரியதன்றோ?